எழுத்துக்கும் தாலிக்கும் நடுவே ஒரு வருடம்

தர்சிகா என்ற பெண்ணை அவளுடைய தாயின் முன்னால் நான் பொய்க்காரியாக்கினேன். அவள் சொன்னது உண்மை. அது உண்மை என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். தெரிந்துகொண்டுதான் இல்லை என்றேன்.

புதிதாகக் குடியேறியவர்களுக்கு உதவும் இந்த வேலையில் சேர்ந்திருக்கிற நீங்கள், ஓய்வுபெற்றவனின் அனுபவங்களை எழுதித் தரும்படி கேட்டீர்கள். பாராட்டுக் கிடைத்த நாட்களும் எனக்கு இருந்தன. அவற்றிலிருந்து நான் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். தர்சிகாவிடம் கேட்ட பிறகுதான் எழுதத் தொடங்கினேன்.

மேற்கு சிட்னியில் ஒரு பல் வைத்தியசாலைக்கு மேலே எங்கள் அலுவலகம் இருந்தது. நான் யாழ்ப்பாணத்தில் படித்துப் பட்டம் பெற்று, கொழும்பில் வங்கியில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவன். தமிழ்ச் சனம் என்னைத் தேடி வரும். "சேரிட்டைக் கேட்டால் சரி" என்று என்னைப் பற்றித் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. என் முன்னால் இருப்பவர் எழும்ப முதல் அவருக்கு ஒரு பதில் கொடுத்துவிட வேண்டும் என்று நினைப்பேன். கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்வது என் படிப்புக்குக் குறைவு என்று ஓர் எண்ணம்.

தர்சிகா சின்ன வயதில் தாயோடு அகதியாக வந்தவள். இந்த நாட்டுக் குடியுரிமை உள்ளவள். மேற்கு சிட்னியிலேயே டூங்கபி என்ற இடத்தில் தாயோடு இருந்தாள். அவள் வேலை பார்த்த சிறுவர் பராமரிப்பு நிலையத்தை மூடிவிட்டார்கள். அடுத்த வேலை கிடைக்கும்வரை அரசாங்கக் கொடுப்பனவு எடுத்துக்கொண்டிருந்தாள். கணவன் உள்ளவர்களுக்குக் கணவனின் உழைப்பையும் பார்த்து அந்தத் தொகையைக் குறைப்பார்கள். அவளுக்குப் பேசி முடித்த பையன் நிரோஷன், பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து படிக்க வந்தவன். இரு வீட்டாருக்கும் சம்மதம். எங்கள் ஆட்கள் செய்வதுபோல முதலில் எழுத்தை முடித்தார்கள், அதாவது கலியாணத்தைச் சட்டப்படி பதிந்தார்கள். தர்சிகாவின் கணவன் என்ற முறையில் நிரோஷன், சனம் பி.ஆர் என்று சொல்லும் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்தான். தாலி கட்டுக்கு நாளும் குறித்தாயிற்று.

அப்போது ஊரில் நிரோஷனின் தகப்பன் இறந்துபோனார். நாட்டைவிட்டுப் போய்த் திரும்பி வருவதற்கான பயண அனுமதி கையில் கிடைக்க முதல் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. கொள்ளி வைக்க அவனால் போக முடியவில்லை. ஆட்டைத் திவசம் என்ற முதலாம் வருடத் திவசம் வரும்வரை நல்ல காரியம் எதுவும் இல்லை என்று தாலி கட்டைத் தள்ளிப்போட்டார்கள். அந்த ஒரு வருடமும் நிரோஷன் அருகிலுள்ள நார்த்மீட்டில் நண்பர்களோடு ஒரு வாடகை வீட்டில் இருந்தான். வெள்ளிக்கிழமைகளில் டூங்கபிக்கு வருவான். மரக்கறிச் சாப்பாடு சாப்பிட்டு, மாமியார் வேண்டாம் என்றாலும் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டுப் போவான். எழுத்து முடிந்தாலும் தாலி கட்டாமல் ஒரு வீட்டில் இருக்க அந்தத் தாய் விடவில்லை. அவர்களும் அதை மீறவில்லை.

இதில் எதுவும் எனக்கு விநோதமாகத் தெரியவில்லை. என் அக்காவின் கலியாணமும் இப்படித்தான் நடந்தது. பிழை அங்கேதான் தொடங்கியது. வேறு நாடுகளிலிருந்து வந்த என் சக ஊழியர்கள் ஒருவரும் இந்தப் பிழையை விட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் சட்டத்தைப் பார்த்திருப்பார்கள். நான் என் வீட்டு வழக்கத்தைப் பார்த்தேன்.

அன்று வெளியே நிறையப் பேர் காத்திருந்தார்கள். தர்சிகா வந்து என் முன்னால் இருந்தாள்.

"அங்கிள், கொடுப்பனவுக்கு ரிப்போர்ட் பண்ணேக்க ஏதும் மாறினதோ எண்டு கேக்கிறாங்கள். நான் இப்ப சிங்கிளோ, பார்ட்னர்டோ?"

"தாலி கட்டு எப்ப பிள்ளை?"

"மாமாவின்ர ஆட்டை முடியத்தான்."

"அப்ப இப்ப எழுத்து மட்டும்தானே. ஒரு வீட்டிலயும் இல்லை. தாலி கட்டினாப் பிறகு மாத்துவம்."

"ரெஜிஸ்டர் பண்ணினது கணக்கில்லையோ?"

"அது விசாவுக்குச் செய்தது."

"இதால நிரோஷன்ர பி.ஆருக்குப் பிரச்சினை ஒண்டும் வராதோ அங்கிள்?"

"ஒரு பிரச்சினையும் வராது. போட்டு வாரும்."

முதல் பதில் பிழை; கலியாணம் பதிந்த நாளிலிருந்தே சட்டத்தில் அவள் கணவன் உள்ளவள். அந்தக் கடைசிப் பதிலைச் சொல்ல எனக்கு அதிகாரமே இருக்கவில்லை. விசா விடயத்தில் ஆலோசனை சொல்வதற்கு இந்த நாட்டில் பதிவு வேண்டும் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். நானே புதியவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒன்றைக் கவனியுங்கள். அவள் கூடுதலாகக் காசு எடுக்க வழி கேட்டு வரவில்லை. சரியாகச் செய்ய வேண்டும் என்று கேட்டு வந்தாள். அப்படி வந்தவளைத்தான் நான் பிழையான பக்கம் அனுப்பினேன்.

சில மாதங்கள் போனபின் குடிவரவுத் திணைக்களத்திலிருந்து நிரோஷனுக்குக் கடிதம் வந்தது. நீங்கள் கணவன் மனைவி என்கிறீர்கள். உங்கள் மனைவியோ கலியாணம் பதிந்த பிறகும் தன்னைத் தனி ஆள் என்று அரசாங்கத்துக்குச் சொல்லியிருக்கிறார். ஒரே வீட்டிலும் நீங்கள் வசிக்கவில்லை. இதற்கு விளக்கம் என்ன என்று கேட்டிருந்தார்கள். விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் விண்ணப்பம் மறுக்கப்படலாம். மறுத்தால் அவன் நாட்டைவிட்டுப் போக வேண்டி வரும்.

தர்சிகா, தாய், நிரோஷன் மூன்று பேருமாக அலுவலகத்துக்கு வந்தார்கள். தாய்தான் முதலில் பேசினார். முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறவர். வேலை உடுப்போடே வந்திருந்தார்.

"அண்ணை, இவள் தன்னைத் தனி ஆள் எண்டு சொல்லிக் காசு எடுத்திருக்கிறாள். கேட்டால் நீங்கள்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னதெண்டு சொல்லுறாள். எனக்கு நம்பேலாமல் கிடக்கு. அதுதான் நேர கேப்பம் எண்டு வந்தனாங்கள்."

எனக்குப் பின்னால் முகாமையாளரின் அறைக் கதவு திறந்திருந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது. தெரியாது என்பதுகூட அந்த நேரத்தில் எனக்கு நினைவு வரவில்லை.

"நான் அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டன்," என்றேன். "நீர் பிழையா விளங்கியிருப்பீர் பிள்ளை."

தர்சிகா என்னைப் பார்த்தாள். "அங்கிள், இந்தக் கதிரையிலதான் இருந்தனான். பி.ஆரைப் பற்றியும் கேட்டனான்."

"ஒரு நாளைக்கு எத்தினை பேர் வருகினம். நான் எல்லாருக்கும் சட்டத்தைத்தான் சொல்லுறது."

தாய் மகளைத் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் விவரிக்க முடியாது. தர்சிகா அதற்குமேல் வாதாடவில்லை. "ஓகே அங்கிள்" என்று சொல்லிவிட்டு எழும்பினாள். மரியாதைக்காக நான் லிஃப்ட் வரைக்கும் கூடப் போனேன். அங்கே நிரோஷன் அவளிடம் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது.

"விசா வராட்டில் வராமல் போகட்டும் தர்சி. ஆனா ஒரு இடத்திலயாவது என்னை உம்மட மனிசன் எண்டு சொல்லியிருக்கலாம்."

பிழையான தகவல் கொடுப்பது நம் வேலையில் நடக்கும். உங்களுக்கும் நடக்கும். அது நடந்துவிட்டால் திருத்த வழியும் இருக்கிறது. அதை மறைக்க ஒருவரின் சொல்லைப் பொய்யாக்கினால், திருத்துவதற்கு அவரிடம் மிஞ்சியிருக்கும் ஒரே பிடியையும் நாம் பறித்துவிடுகிறோம். நான் சொன்னேன் என்பது மட்டும்தான் அவளிடம் இருந்த விளக்கம். அதைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை என் மனைவி கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். குசினியில் எனக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னார்.

"தர்சிகான்ர தாய் பாவம். தகப்பனில்லாமல் வளத்தது பிழைச்சுப்போச்சு, பொய் சொல்லப் பழகிட்டாள் எண்டு ஆக்களுக்குச் சொல்லி அழுகிறா. பொடியனும் இந்தக் கிழமை சாப்பிட வரேல்லையாம்." பிறகு என்னைக் கேட்டார். "அந்தப் பிள்ளை பொய் சொல்லுறவளோ?"

"இல்லை."

"அப்ப?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"அப்ப ஆரப்பா பொய் சொன்னது?"

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. கறிச் சட்டியை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார். நாற்பது வருடம் என்னோடு வாழ்ந்தவருக்கு என் முகத்தை வாசிக்கத் தெரியும்.

திங்கட்கிழமை இலவச சட்ட உதவி நிலையமொன்றில் ஒரு சட்டத்தரணியிடம் போனேன். தலை முழுக்க நரைத்த பெண். கிரேக்கத்திலிருந்து வந்தவர்களின் மகள். அவர் பெயரை இங்கே எழுதுவதை அவர் விரும்ப மாட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். எழுத்தையும் தாலியையும் பற்றி விளக்கத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"எங்கள் ஊரிலும் துக்க வீட்டில் கலியாணம் செய்வதில்லை. அது எனக்கு விளங்குகிறது. அதைச் சொல்ல வேண்டியவர் அந்தத் தாய். நீங்கள் சொல்ல வேண்டியது வேறு. அந்தப் பெண் ஏன் தன்னைத் தனி ஆள் என்று சொன்னாள் என்பதைச் சொல்லுங்கள். ஒரே ஆள் இரண்டையும் சொன்னால் திணைக்களம் இரண்டையும் நம்பாது."

"நான் சொன்னால் என் வேலை?"

"அதை உங்கள் முகாமையாளரிடம் கேளுங்கள். என்னிடம் அந்தப் பெண்ணை அனுப்புங்கள்."

நான் முதலில் முகாமையாளரிடம் போகவில்லை. டூங்கபிக்குப் போனேன். தாயின் முன்னால் செய்ததைத் தாயின் முன்னால்தான் திருப்ப வேண்டும் என்று பட்டது. தர்சிகாவும் வீட்டில் இருந்தாள். உள்ளே வரச் சொன்னார்கள், ஆனால் நான் கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"பிள்ளை சொன்னது உண்மை. நான்தான் அப்பிடிச் சொன்னனான். பி.ஆருக்கும் பிரச்சினை இல்லை எண்டு சொன்னனான். அண்டைக்கு உங்களுக்கு முன்னால பொய் சொன்னதும் நான்தான்."

"பெத்த தாய் நான்," என்றார் தாய். "என்ர பிள்ளையை நம்பாமல் உங்கட படிப்பை நம்பினனான்." என்னைப் பார்த்துச் சொன்னாலும் அது தனக்குத்தானே சொன்னதுபோல இருந்தது. அப்படியே திரும்பி மகளின் தோளைப் பிடித்தார். தர்சிகா தாயின் கையை எடுத்துவிடவில்லை. அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

கதவு வரைக்கும் வந்து அவள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "இதை எழுதித் தருவீங்களோ அங்கிள்?"

"ஓம்."

வீட்டுக்கு வந்து எழுதினேன். நாலு பக்கம். நல்ல ஆங்கிலம். என் மனவேதனையைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம் இருந்தது. சட்டத்தரணி அதை வாசித்துவிட்டுப் பேனையை எடுத்தார். நீளமாகக் கோடு இழுத்துக்கொண்டே போனார்.

"இதெல்லாம் எதற்கு?"

"நான் வருந்துகிறேன் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?"

"வருத்தத்தை அந்தப் பெண்ணுக்குக் கொடுங்கள். திணைக்களத்துக்கு நடந்ததைக் கொடுங்கள். அவள் என்ன கேட்டாள், நீங்கள் என்ன சொன்னீர்கள், பிறகு என்ன மறுத்தீர்கள். அவ்வளவுதான்."

நாலு பக்கமும் அரைப் பக்கமாயிற்று. மறுத்ததையும் எழுதத்தான் வேண்டுமா என்று கேட்டேன். "அதை விட்டால் இதுவும் இன்னொரு மறைப்பு" என்றார். என் வாழ்க்கையில் நான் எழுதியவற்றில் அந்த அரைப் பக்கம்தான் சுத்தமானது. சட்டப்படி உறுதி சொல்லும் சத்தியக் கடதாசியாக அதில் கையெழுத்து வைக்க முதல் முகாமையாளரிடம் காட்டினேன்.

அவர் இரண்டு தரம் வாசித்தார். லெபனானிலிருந்து சிறு வயதில் வந்தவர். கடுமையாகப் பேசத் தெரியாதவர். "இதில் நீங்கள் கையெழுத்து வைத்தால் உங்களை அந்த மேசையில் நான் வைத்திருக்க முடியாது. தெரியும்தானே?"

"தெரியும்."

"வைக்காவிட்டால்?"

"அந்தப் பையன் திரும்பிப் போக வேண்டி வரும்."

தன் பேனையையே எடுத்து நீட்டினார். அடுத்த நாள் என்னைப் பின்பக்க அறைக்கு மாற்றினார்கள். புதிய குடும்பங்களுக்கு வந்து சேரும் பழைய கட்டில்களையும் பள்ளிக்கூடப் பைகளையும் பிரித்து அடுக்கும் வேலை. எனக்குக் கிடைத்திருக்க வேண்டியதைவிட அது குறைந்த தண்டனை.

சட்டத்தரணி தர்சிகாவை இன்னொரு காரியமும் செய்யச் சொன்னார். குடிவரவுக்கு விளக்கம் போகும் அதே வாரத்தில், கொடுப்பனவு தருகிற அலுவலகத்துக்கும் அவளே போய்ச் சொல்ல வேண்டும். கலியாணம் பதிந்தது எப்போது, நிரோஷன் உழைப்பது எவ்வளவு, இதுவரை சொல்லாதது என்ன என்று எல்லாவற்றையும். அவர்கள் தேடி வந்து பிடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. ஓர் அலுவலகத்தில் கணவன், இன்னோர் அலுவலகத்தில் கணவன் இல்லை என்ற நிலை ஒரு நாள்கூட மிஞ்சியிருக்கக் கூடாது என்றார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நம்மிடம் வருகிறவர்கள் ஒவ்வோர் அலுவலகத்தையும் தனித்தனி வீடாக நினைப்பார்கள். ஒரு வீட்டில் சொன்னது மற்ற வீட்டுக்குக் கேட்காது என்று நம்புவார்கள். அது அவர்கள் குற்றமில்லை. அதைச் சொல்லிக் கொடுப்பதுதான் நம் வேலை.

கூடுதலாக எடுத்ததைச் சிறு தொகைகளாகத் திருப்பிக் கட்டும்படி அவளுக்குச் சொன்னார்கள். நான் கட்டட்டுமா என்று கேட்டேன். "அது நான் எடுத்த காசு அங்கிள். நீங்கள் எடுத்தது வேற" என்றாள். அதை அவள் எனக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை.

தாயும் தன் பங்குக்கு எழுதிக் கொடுத்தார். தமிழில் எழுதி மொழிபெயர்ப்பித்தார். "மகளையும் மருமகனையும் ஆட்டை முடியும்வரை பிரித்து வைத்தது நான், அவர்கள் சேர்ந்து வாழ மாட்டோம் என்று சொல்லவில்லை, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை என் வீட்டில் பாத்திரம் கழுவினவன்" என்று எழுதியிருந்தாராம். சட்டத்தரணி அதில் ஒரு சொல்லிலும் கை வைக்கவில்லை.

நிரோஷன் மறுபடி வெள்ளிக்கிழமைகளில் வரத் தொடங்கிவிட்டான் என்று என் மனைவி மூலம் அறிந்தேன். பதில் வர நெடுநாள் எடுத்தது. கட்டில்களை அடுக்கும்போதெல்லாம் அந்தப் பதிலைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன். ஒரு மத்தியானம் தர்சிகாவிடமிருந்து என் தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. "கிடைச்சிட்டுது." வேறொன்றும் இல்லை. அவள் அதை எனக்கு அனுப்ப வேண்டிய கடமை இருக்கவில்லை. அப்போது கிடைத்தது தற்காலிக விசா, பிறகு நிரந்தர வதிவிடம். இப்போது இருவரும் மெல்பேர்னில், பொயிண்ட் குக்கில் இருக்கிறார்கள். நிரோஷனின் தாய் ஊரிலிருந்து வந்து அவர்களோடு இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போனார்.

ஆட்டை முடிந்து நடந்த தாலி கட்டுக்கு என்னைக் கூப்பிடவில்லை. என் மனைவிக்கு மட்டும் அழைப்பு வந்தது. அவர் போய் வந்து பொம்பிளையும் மாப்பிள்ளையும் நல்ல சந்தோசமாக இருந்தார்கள் என்று சொன்னார். எனக்கு அது போதும் என்று எழுதினால் அதுவும் பொய். போக ஆசைப்பட்டேன். ஆனால் கூப்பிடாதது சரி.

பின்பக்க அறையிலிருந்து என்னைத் திரும்ப முன் மேசைக்கு எடுத்தபோது வேலை செய்யும் முறையை மாற்றிக்கொண்டேன். கொடுப்பனவு பற்றி யார் எதைக் கேட்டாலும் நானாகப் பதில் சொல்வதில்லை. உரிய அலுவலகத்துக்கு அவர்கள் முன்னாலேயே தொலைபேசி எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, அவர்களையே கேட்க வைப்பேன். மொழிபெயர்ப்பாளரையும் இணைத்துக்கொள்வேன். விசாக் கேள்வி என்றால் சட்டத்தரணியிடம் கூட்டிப்போவேன். நேரம் நிறையப் போகும். வரிசை நீளும். பழையவர்கள் பலர் வருவதை நிறுத்தினார்கள். "முந்தி சேர் டக்கெண்டு சொல்லிப்போடுவார், இப்ப ஒண்டும் தெரியாது" என்று கதை பரவியது.

நான் ஓய்வுபெறுவதற்குச் சற்று முன் வந்த குளிர்காலத்தில் ஒரு நாள் காலை, அலுவலகம் திறந்து கொஞ்ச நேரத்தில், தர்சிகாவின் தாய் வந்தார். பக்கத்தில் நிறைமாத வயிற்றோடு ஓர் இளம் பெண். சலவைப் பகுதியில் கூட வேலை செய்பவளாம். மன்னார்ப் பக்கம். அவள் இங்கே நிரந்தர வதிவிடம் உள்ளவள். கணவனின் விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. பிள்ளை பிறந்தால் அதற்குரிய கொடுப்பனவைக் கேட்கலாமா, கேட்டால் கணவனின் விசாவைப் பாதிக்குமா என்ற பயம். கணவன் கேட்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். மகப்பேறு முடிந்த கையோடு வேலைக்குத் திரும்புவது என்று முடிவெடுத்திருந்தாள்.

அந்தத் தாய் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். என்னைப் பார்க்காமல் அந்தப் பெண்ணைப் பார்த்துப் பேசினார்.

"இவர் எங்களுக்குப் பிழையாச் சொன்னவர். பிறகு சொல்லேல்லை எண்டும் சொன்னவர். பிறகு தானே எழுதிக் குடுத்தவர். இனிப் பிழை விடமாட்டார் எண்டு நான் உனக்குச் சொல்லேல்லை. விட்டால் ஒளிக்க மாட்டார். கேள் பிள்ளை."

அந்தப் பெண் கேட்டாள். பாதிக்காது என்றுதான் எனக்குப் பட்டது. கணவன் இருப்பதை மறைக்காமல் சொல்லிக் கேட்டால் அது அவர்களுக்குச் சாதகம் என்றும் நினைத்தேன். ஆனால் நினைப்பதைச் சொல்வது என் வேலை இல்லை.

"கொடுப்பனவைப் பற்றி இப்ப உங்களுக்கு முன்னாலயே கேப்பம். விசாக் கதையைக் கேக்க ஒரு சட்டத்தரணி இருக்கிறா, பின்னேரம் கூட்டிக்கொண்டு போறன். எனக்கு நிச்சயமாத் தெரியாது பிள்ளை."

தொலைபேசியை மேசை நடுவில் வைத்து இலக்கத்தை அழுத்தினேன். காத்திருக்கச் சொல்லும் இசை தொடங்கியது.

"எவ்வளவு நேரம் எடுக்கும்?" என்றார் தாய்.

"அதுவும் தெரியாது."

அவர் அன்று முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். "ஒண்டும் தெரியாதெண்டால் உங்களுக்கு ஏன் அண்ணை சம்பளம் தாறாங்கள்?" என்றார். சிரிக்காமல் சொல்லப் பார்த்தார், முடியவில்லை. அந்தப் பெண்ணும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இசை நின்றது. மறுபக்கத்தில் ஒருவர் வணக்கம் சொல்லி, என்ன உதவி வேண்டும் என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. தொலைபேசியை அந்தப் பெண்ணின் பக்கம் தள்ளிவைத்தேன். அவள் குனிந்து, முதலில் தன் பெயரைச் சொன்னாள். பிறகு தன் கணவனின் பெயரைச் சொன்னாள்.